தங்க நகரத்துக்கு வில்லங்கம் பார்த்தல்

தஞ்சை ஜில்லாவின் பழைய கிரயப் பத்திரங்களில், வேலி, மா, குழிக் கணக்கையும் நான்கெல்லையையும் எழுதி முடித்த பிறகு ஒரு தொடர் தவறாமல் வரும். ‘நிதி நிட்சேப ஜல தரு பாஷாண ஆகாமிய சித்த சாத்தியங்கள் என்னும் அஷ்டபோகங்களுடன்’ நிலம் விற்கப்பட்டதாக அது சொல்லும். நீரும் மரமும் கல்லும் இனி வரப்போகும் பலனும் மட்டுமல்லாமல், மண்ணுக்கடியில் எவரோ எக்காலத்திலோ புதைத்து வைத்திருக்கக்கூடிய பொருளும் வாங்குகிறவரைச் சேரும் என்பது அதன் கருத்து. 1878 ஆம் ஆண்டில் புதையல் சட்டம் வந்து, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எந்தப் புதையலையும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று விதித்துவிட்ட பின்னரும் பத்திர நடையில் அந்தத் தொடர் நெடுங்காலம் நீடித்தது. மயிலாடுதுறைப் பக்கம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட நான், அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம், கண்ணால் காணாத பொருளை எழுத்தில் வைத்து ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றுவது எப்படி இயல்கிறது என்று யோசித்திருக்கிறேன். தங்க நகரங்களைத் தேடிப் போனவர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கத் தொடங்கியது இந்த யோசனையின் தொடர்ச்சியாகத்தான்.

இத்தகைய கதைகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் புதையல் எங்கே இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். என் தொழில் பழக்கம் என்னை வேறு கேள்விக்கு இட்டுச் சென்றது. ஒரு சொத்துக்கு வில்லங்கம் பார்க்கிறவன் முதலில் நிலத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. தாய்ப்பத்திரம் எது, அதிலிருந்து சொத்து யார் யார் கைக்கு எந்த ஆண்டில் சென்றது, ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் கொடுத்தவர் பேரில் என்ன அடமானம் நிலுவையில் இருந்தது, அது தீர்க்கப்பட்டதா என்று வரிசையாகப் பார்ப்பான். புதையல் கதைகளையும் அவ்வாறே பார்க்கலாம் என்று தோன்றியது, பார்த்தேன். தென் அமெரிக்காவில் ஒளிந்திருப்பதாகச் சொல்லப்பட்ட தங்க நகரமான எல் டொராடோவின் கதையை இப்படித் தொடர்ந்து சென்றபோது, கதை திடீரெனப் பெருத்த ஒவ்வோர் இடத்திலும் அதைச் சொன்னவர் கழுத்துவரை கடனில் இருந்ததைக் கண்டேன். என் வாசிப்பில் நான் அடைந்த முடிவு இதுதான்: இந்தப் பயணிகளின் கையில் இருந்தது புதையலைப் பற்றிய செய்தி அன்று, கடன்காரரிடம் காட்டுவதற்கான ஈடு.

முதலில் கையில் எடுக்க வேண்டியவர் கொன்சாலோ ஹிமெனெஸ் தெ கெசாதா. அவர் ஒரு வழக்கறிஞர் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். கரீபியக் கடலோரத்திலிருந்த சாந்தா மார்த்தா குடியேற்றத்துக்கு நீதி அலுவலராக வந்தவர், 1536 ஆம் ஆண்டில் மக்தலேனா ஆற்றின் வழியே உள்நாட்டுக்குப் புறப்பட்டார். பல நூறு பேருடன் கிளம்பிய அந்தப் படையில் இன்றைய போகோட்டா இருக்கும் மேட்டு நிலத்தை அடைந்தவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. அங்கே வாழ்ந்த முயிஸ்கா மக்களிடமிருந்து அவர்கள் பறித்தெடுத்தவை 1538 இல் பங்கிடப்பட்டன. கணக்கு எழுதப்பட்டிருக்கிறது: 1,91,000 பெசோவுக்கு மேல் நல்ல தங்கம், 1,815 மரகதக் கற்கள். எனவே, கெசாதா கதையை நம்பி ஏமாந்தவர் அல்லர். உண்மையாகவே தங்கத்தைக் கண்டவர். ஆயினும் அவர் கடனாளியாகவே இறந்தார். பொருள் கிடைத்தவரே கடனாளியாக முடிந்தது எப்படி என்பதற்கு விடை கண்டால், கிடைக்காதவர்களின் கதையும் விளங்கிவிடும்.

1539 இல் அதே மேட்டு நிலத்துக்கு வேறு இரண்டு படைகள் வந்து சேர்ந்தன. தெற்கே கீட்டோவின் திசையிலிருந்து வந்தது செபாஸ்டியன் தெ பெலல்காசரின் படை. கிழக்கே வெனிசுவேலாவின் சமவெளிகளைக் கடந்து, தோல்களை உடுத்து, உருக்குலைந்து வந்தது நிக்கோலஸ் ஃபெடர்மன் என்ற ஜெர்மானியரின் படை. ஸ்பெயின் பேரரசின் நிலத்தில் ஜெர்மானியருக்கு என்ன வேலை என்று கேட்டால், அங்கேயும் கடன்தான் விடையாக வருகிறது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ், ஔக்ஸ்பர்க் நகரத்து வெல்சர் குடும்பத்தாரிடம் பெருங்கடன் பட்டிருந்தார். 1528 இல் வெனிசுவேலாவை ஆளும் உரிமையும் அங்கு கிடைப்பதை எடுத்துக்கொள்ளும் உரிமையும் அந்த வட்டிக்கடைக் குடும்பத்துக்குக் கிடைத்தன. நமது பக்கத்து வழக்கில் சொன்னால், ஒரு நாடே போக்கியத்துக்கு விடப்பட்டது. ஃபெடர்மன் அந்தக் குடும்பத்தின் முகவர். காட்டுக்குள் அவர் வைத்த ஒவ்வோர் அடியும் ஔக்ஸ்பர்க்கின் கணக்கேட்டில் செலவாக ஏறியது.

மூன்று தலைவர்களும் போரிட்டுக்கொள்ளவில்லை. மூவரும் ஒன்றாகவே ஆற்றில் இறங்கி, கடலோரம் சென்று, தத்தம் உரிமையை நிலைநாட்ட ஸ்பெயினுக்குக் கப்பலேறினார்கள். பாகத் தகராறில் மூன்று தரப்பும் ஒரே பேருந்தில் கோர்ட்டுக்குப் போவதை நான் நாள்தோறும் பார்ப்பவன். ஆகையால் இந்தச் செய்தி எனக்கு வியப்பளிக்கவில்லை. பெலல்காசருக்கு போப்பாயான் வட்டாரம் கிடைத்தது. கெசாதா கேட்ட ஆளுநர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஃபெடர்மன் மீது வெல்சர்களே வழக்குத் தொடுத்தார்கள். அவர் 1542 இல் வயாதொலித் நகரில், காவலில் இருக்கும்போதே இறந்தார்.

இந்த மனிதர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி செவில் நகரத்தில் உள்ள இந்தியத் தீவுகளின் பொது ஆவணக்காப்பகத்திலிருந்து வருகிறது. 1785 இல் மூன்றாம் சார்லஸ் மன்னர் ஏற்படுத்திய அந்தக் காப்பகத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுகள் உள்ளன. அவற்றில் ஒரு பகுதியை இன்று இணையத்திலேயே படமாகப் பார்க்கலாம். அந்தப் பழைய ஸ்பானியக் கையெழுத்தை வாசிக்கும் பயிற்சி எனக்கு இல்லை. அச்சில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளையே நம்பியிருக்கிறேன். ஆனால், ஆவணத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வதற்கு மொழியறிவு மட்டுமே தேவை என்று சொல்ல முடியாது. அங்குள்ளவற்றில் ஒரு வகை என்னை மிகவும் ஈர்த்தது. அரசரிடம் வெகுமதி வேண்டுகிறவர், தாம் செய்த ஊழியங்களையும் பட்ட துன்பங்களையும் சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பித்து, அலுவலர் முன்னிலையில் எழுதி வாங்கி அனுப்பும் விண்ணப்பம் அது. கேள்விகளை வரிசை எண்ணிட்டு விண்ணப்பதாரரே எழுதிக் கொடுப்பார். ஒவ்வொரு கேள்வியும், இன்னின்னது நடந்தது இவருக்குத் தெரியுமா என்றே தொடங்கும். சாட்சிகளையும் அவரே அழைத்து வருவார். சாட்சி வந்து நின்று, கேள்வியில் உள்ளபடியே தமக்குத் தெரியும், தாமும் உடனிருந்ததால் தெரியும் என்பார். எழுத்தர் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கிப் பழகிய எவருக்கும் இதன் உள்ளீடு உடனே விளங்கும். பத்துச் சாட்சிகள் ஒரே சொல்லில் ஒரே செய்தியைச் சொல்வது, அச்செய்தி பத்து மடங்கு உண்மை என்பதற்கு ஆதாரமாகாது. கேள்வியை எழுதியவர் ஒருவரே என்பதற்குத்தான் ஆதாரமாகும். ஆற்றுக்கு அப்பால் பெரும் செல்வமுள்ள நாடு இருப்பதாகக் கேள்விப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி அமைந்துவிட்டால், எல்லாச் சாட்சிகளும் கேள்விப்பட்டதாகவே சொல்வார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த ஏட்டை எடுத்து, இத்தனை பேர் உறுதி செய்திருக்கிறார்களே என்று நம்பிப் படை திரட்டுவார்கள். எனவே, இத்தகைய விண்ணப்பங்களில் நான் முதலில் பார்ப்பது முடிவுரையையே. அவர் என்ன கேட்கிறார், பதவியா, ஆண்டு வருமானமா, கடனுக்குத் தவணையா என்பது தெரிந்த பிறகு, மேலே உள்ள தங்கத்தின் அளவைப் படித்தால் அது ஏன் அந்த அளவில் இருக்கிறது என்பது புலப்பட்டுவிடும்.

கெசாதா முதுமையில் மறுபடியும் தேடப் போனார். 1569 இல், பல நூறு ஸ்பானியரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பழங்குடிச் சுமைக்காரர்களும் அடங்கிய படையுடன் கிழக்குச் சமவெளிக்குள் இறங்கியவர், ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின் மிகச் சிலருடன் திரும்பினார். முதற்பயணத்தில் ஈட்டிய எல்லாம் இதில் போயிற்று. 1579 இல் மரிகீத்தாவில் இறந்தபோது அவருக்கு மக்கள் இல்லை. சொத்துக்கு வாரிசு அவருடைய உடன்பிறந்தாள் மகள் மரியா தெ ஓருன்யா. உயிலில் ஒரு நிபந்தனை இருந்தது: சொத்தை அடைகிறவர் எல் டொராடோவைத் தேடும் பணியையும் தொடர வேண்டும்.

இந்த உயிலை நான் இவ்வரலாறு முழுவதிலும் தலையாய ஆவணமாகக் கருதுகிறேன். ஒரு கட்டுக்கதை, சட்டப்படி செல்லத்தக்க கடப்பாடாக ஒரு குடும்பத்தின் சொத்தோடு பிணைக்கப்பட்டுவிட்டது இதில்தான். மரியாவின் கணவர் அன்தோனியோ தெ பெர்ரீயோ, இத்தாலியிலும் கிரனாதாவிலும் போரிட்டு, ஐம்பது வயதைக் கடந்து, ஓய்வை எதிர்நோக்கியிருந்த படைவீரர். மனைவிக்கு வந்த சொத்தைப் பெற்றுக்கொள்ளக் குடும்பத்தோடு 1580 வாக்கில் கடல் கடந்து வந்தார். வந்தவருக்குக் கிடைத்தது சொத்து மட்டுமன்று. 1584 தொடங்கி அவர் மூன்று பெரும் பயணங்கள் மேற்கொண்டு, கடைசியில் ஓரினோகோ ஆற்றின் வழியே கடலை அடைந்து, ட்ரினிடாட் தீவில் காலூன்றினார். அங்கே 1592 இல் எழுப்பப்பட்ட ஊருக்கு சான் ஹோசே தெ ஓருன்யா என்று மனைவியின் குடும்பப் பெயரே சூட்டப்பட்டது. தேடலுக்காக அவர் 3,00,000 தூக்காத்துப் பொற்காசுகள் செலவிட்டதாக, அவரைச் சிறைபிடித்த ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தொகை மிகையாக இருக்கலாம். ஆனால், அவ்வளவு செலவழித்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய நிலையில் பெர்ரீயோ இருந்தார் என்பதை நான் ஐயுறவில்லை. செலவைப் பெரிதாகச் சொன்னால்தான், இனி வரவேண்டிய தங்கத்தையும் பெரிதாகச் சொல்ல முடியும். அவர் 1597 இல் இறந்த பிறகு மகன் ஃபெர்னாண்டோ அதே பதவியையும் அதே தேடலையும் ஏற்றார். பல பயணங்கள் சென்றார். இறுதியில் கடற்கொள்ளையரிடம் அகப்பட்டு அல்ஜியர்சில் சிறைப்பட்டு மாண்டார். மூன்று தலைமுறை! நமது ஊரில் பாட்டன் எழுதிக் கொடுத்த புரோநோட்டுக்குப் பேரன் வட்டி கட்டும் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு ஃபெர்னாண்டோவின் நிலை நன்றாகவே விளங்கும்.

பெர்ரீயோவிடம் தாய்ப்பத்திரம் ஒன்றும் இருந்தது. ஹுவான் மார்த்தீனெஸ் என்பவரின் மரண வாக்குமூலம் என்று அது அறியப்பட்டது. 1531 இல் தியேகோ தெ ஓர்தாஸின் படையில் வெடிமருந்துப் பொறுப்பாளராக இருந்த மார்த்தீனெஸ், வெடிமருந்து தீப்பற்றிய குற்றத்துக்காகத் தனியே ஒரு படகில் ஏற்றி ஆற்றோடு விடப்பட்டாராம். அவரைக் கண்டெடுத்த மக்கள், கண்ணைக் கட்டி உள்நாட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். ஒரு நண்பகலில் நகர வாயிலில் கட்டு அவிழ்க்கப்பட்டது. அன்று இரவுவரை நடந்தும், மறுநாள் கதிரவன் எழுந்தது முதல் மறைவதுவரை நடந்தும்தான் அரண்மனையை அடைய முடிந்தது. அவ்வளவு பெரிய நகரம், எல் டொராடோ என்று தேடப்பட்ட மனோவா. ஏழு மாதம் அங்கே வாழ்ந்து, விடைபெறும்போது தூக்க முடிந்த மட்டும் தங்கம் கொடுத்தனுப்பினார்கள். ஆற்றங்கரையில் அதை வேறு மக்கள் பறித்துக்கொள்ள, தங்க மணிகள் நிரம்பிய இரண்டு சுரைக்குடுக்கைகள் மட்டும், உள்ளே குடிநீரோ உணவோ இருப்பதாக எண்ணி விட்டுவிடப்பட்டதால், எஞ்சின. புவெர்ட்டோ ரிக்கோவில் சாகும் தறுவாயில் பாதிரியாரிடம் இதைச் சொல்லி, அந்த மணிகளைத் தம் ஆன்ம நலத்துக்காகக் கோயிலுக்குக் கொடுத்தார்.

கதை அழகாகவே இருக்கிறது. ஆனால், ஆவணமாக எடுத்துக்கொண்டால், இதில் நான்கெல்லை இல்லை. வழி தெரியாதபடி கண் கட்டப்பட்டிருக்கிறது. பொருள் இல்லை, வழியில் பறிபோயிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இல்லை. எஞ்சிய இரண்டு குடுக்கைகளும் கோயிலுக்குப் போய்விட்டன. குறுக்கு விசாரணைக்கு இடமே கொடாத வாக்குமூலம் இது. வரலாற்றாசிரியர்கள் இதற்குப் பின்னால் ஹுவான் மார்த்தீன் தெ அல்புஹார் என்ற உண்மையான மனிதரைக் காண்கிறார்கள். அவர் 1570-களில் மரவேர் தெ சில்வாவின் படையிலிருந்து பிழைத்துப் பழங்குடி மக்களோடு வாழ்ந்துவிட்டு வந்தவர். அப்படியானால், வாக்குமூலத்தின் காலம் நாற்பது ஆண்டு முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பத்திரத் தேதியை முன்னுக்குத் தள்ளுவதன் நோக்கம் எதுவென்று எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய தேதி, உரிமையைப் பலப்படுத்தும்.

இந்தப் பத்திரத்தை 1595 இல் பெர்ரீயோவிடமிருந்து கேட்டுப் பெற்றவர் ஆங்கிலேயரான சர் வால்டர் ராலே. ட்ரினிடாடில் சான் ஹோசே ஊரை எரித்து, முதியவரான பெர்ரீயோவைச் சிறைபிடித்து, அவரோடு அமர்ந்து பேசியே கதையை அறிந்துகொண்டார். அப்போது ராலேயும் எலிசபெத் அரசியின் அருளை இழந்து, இழந்ததை மீட்க வழி தேடிக்கொண்டிருந்தவர். ஓரினோகோவில் சிறிது தொலைவு ஏறித் திரும்பி, 1596 இல் கயானாவைப் பற்றிய நூலை வெளியிட்டார். அந்த நூலிலிருந்து மனோவாவும் அதன் பெரிய ஏரியும் வரைபடங்களுக்குள் நுழைந்தன. 1599 இல் ஹோண்டியஸ் வரைந்த படத்தில் அந்த ஏரி கடல்போல விரிந்திருக்கிறது. இரண்டு நூற்றாண்டுகள் அது வரைபடங்களில் நிலைத்தது. 1800 இல் ஓரினோகோவில் பயணம் செய்த ஜெர்மானிய அறிஞர் ஹும்போல்ட், மழைக்காலத்தில் வெள்ளம் பரந்து நிற்கும் ருபுனுனிப் புல்வெளியே ஏரியாகக் கருதப்பட்டது என்று விளக்கினார். கார்த்திகை மாதத்தில் திருத்துறைப்பூண்டி வயல்களை முதன்முறை காண்கிறவர் அங்கே ஒரு பெரிய ஏரி இருப்பதாக எழுதி வைத்தால் எப்படியோ, அப்படி.

ராலேயின் முடிவை நான் எப்போது படித்தாலும் மனம் கலங்குகிறது. ராஜத்துரோகக் குற்றத்துக்காக 1603 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, லண்டன் கோபுரத்தில் பதின்மூன்று ஆண்டு அடைபட்டுக் கிடந்தவர், கயானாவில் தங்கச் சுரங்கம் இருக்கும் இடம் தமக்குத் தெரியும் என்று சொல்லி 1616 இல் வெளியே வந்தார். தம் உயிருக்கே அவர் சுரங்கத்தை ஈடாக வைத்தார். பயணச் செலவுக்காக மனைவி எலிசபெத், மிச்சம் என்ற ஊரில் தமக்கிருந்த நிலத்தை விற்றுக் கொடுத்தார். ஸ்பானியரோடு மோதக்கூடாது என்பது ஜேம்ஸ் மன்னரின் நிபந்தனை. அதே மன்னர், ராலேயின் கப்பல், ஆயுத விவரங்களை வாங்கி ஸ்பானியத் தூதரிடம் கொடுத்துவிட்டார். ராலே காய்ச்சலில் ட்ரினிடாடில் கிடக்க, நண்பர் லாரன்ஸ் கீமிஸ் படையோடு ஆற்றில் ஏறினார். 1618 ஜனவரியில் சான் தோமே என்ற ஸ்பானிய ஊரைத் தாக்கியபோது ராலேயின் மகன் வால்டர் கொல்லப்பட்டான். ஊரின் ஆளுநர் வீட்டுத் தாள்களில், தாம் மன்னரிடம் எழுதிக் கொடுத்த விவரங்களே இருந்ததாக ராலே பின்னர் குற்றம் சாட்டினார். சுரங்கத்தைக் காணாமல் கீமிஸ் திரும்பினார்; ராலே கடிந்துகொண்டார்; கீமிஸ் தம் அறைக்குள் சென்று தம்மையே மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று, 1603 இன் பழைய தீர்ப்பின்படியே ராலேயின் தலை வெட்டப்பட்டது. எலிசபெத் விற்ற நிலம் விற்றதுதான். இத்தனை மனிதர்களைக் கொண்ட வரலாற்றில், கையில் உண்மையான சொத்தை வைத்திருந்து அதைக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் அந்த அம்மையார் ஒருவரே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கணக்கில் ஏறாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெசாதாவின் கடன் எழுதப்பட்டிருக்கிறது. அவர் சுமையைத் தூக்கிச் சென்று திரும்பாதவர்களின் பெயர் எழுதப்படவில்லை. முயிஸ்கா மக்களுக்கு எல் டொராடோ ஒரு நகரமே அன்று. புதிய தலைவர் பொற்பொடி பூசிக்கொண்டு, குவாத்தவீத்தா ஏரியின் நடுவே தெப்பத்தில் சென்று பொன்னையும் மரகதத்தையும் நீரில் இட்டு வழிபட்ட சடங்கு அது. போகோட்டாவின் வணிகர் அன்தோனியோ தெ செப்புல்வேதா 1580-களில் அந்த ஏரியின் கரையை வெட்டி நீரை வடித்தார், கொஞ்சம் பொன் கிடைத்தது, ஏழையாக இறந்தார். அந்தச் சடங்கையே உருவமாக வடித்த பொன் தெப்பம், 1969 இல் பாஸ்கா என்ற ஊருக்கருகே ஒரு குகையில், அதைத் தேடிச் செல்லாத குடியானவர்களின் கையில் கிடைத்தது. சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் குடமுழுக்கு யாகசாலைக்காக மண் எடுத்தபோது ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டதை இங்கு எல்லோரும் அறிவோம். நாகப்பட்டினத்தின் பௌத்தப் படிமங்கள் 1856 முதல் வெளிவந்ததும் இவ்வாறே. இவற்றில் எதற்கும் முன்கூட்டி வரைபடமோ வாக்குமூலமோ இருந்ததில்லை.

இந்த முறையை நமது கடற்கரைக்கே பொருத்திப் பார்த்தபோதுதான் எனக்கு அதன்மேல் முழு நம்பிக்கை பிறந்தது. ராலே இறந்த அடுத்த மாதம், 1618 நவம்பரில், கோபன்ஹேகனிலிருந்து டென்மார்க்கின் முதல் கிழக்கிந்தியக் கப்பற்படை புறப்பட்டது. தலைவர் ஓவே கெத்தே, இருபத்து நான்கு வயதை நெருங்கிய இளைஞர். அந்தப் படையைப் புறப்பட வைத்தவர் மார்செலிஸ் தெ போசவ்வர் என்ற டச்சுக்காரர். கண்டி அரசரின் அவையில் சில ஆண்டு இருந்துவிட்டு, அவருடைய தூதர் என்ற பெயரில் ஐரோப்பா வந்து, முதலில் தம் நாட்டாரிடம் முயன்று, அவர்கள் இசையாததால் நான்காம் கிறிஸ்தியான் மன்னரிடம் சென்றவர். இலங்கையின் வணிகம் முழுவதும் டென்மார்க்குக்கே, கப்பற்படையின் செலவைக் கண்டி அரசரே ஏற்பார் என்பது அவர் கொடுத்த வாக்கு. அவரும் கடல் நடுவிலேயே இறந்துபோனார். 1620 இல் கெத்தே இலங்கையை அடைந்து கணக்கை நீட்டியபோது, அத்தகைய அதிகாரம் எதையும் தாம் போசவ்வருக்குக் கொடுத்ததில்லை என்று அரசர் செனரத் மறுத்துவிட்டார். பவர் பத்திரத்தின் எல்லையைப் பார்க்காமல் முகவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டால் நேர்வது இது. மார்த்தீனெஸைப் போலவே போசவ்வரும் கேள்வி கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டார்.

அந்தச் செலவுக்கு எதையாவது காட்டியாக வேண்டிய நிலையில்தான் கெத்தேயின் பார்வை தஞ்சை நாட்டின் பக்கம் திரும்பியது. அதற்கு வழி வகுத்தவர் ரோலண்ட் க்ராப்பே. முன்னதாக அனுப்பப்பட்ட ஓரேசுண்ட் என்ற கப்பலின் பொறுப்பாளர்களில் அவர் ஒருவர். காரைக்காலுக்கு அப்பால் அந்தக் கப்பலைப் போர்த்துக்கீசியர் அழித்துவிட, சிலரோடு கரையேறி, ரகுநாத நாயக்கரின் அவைக்குச் சென்று சேர்ந்தார். க்ராப்பேயைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்ததில் அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. எல்லாவற்றையும் இழந்து அந்நிய மன்னர்முன் நின்றவர், பொன் விளையும் நாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மிளகு வணிகத்துக்கு ஒரு துறைமுகம் கேட்டார். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. தரங்கம்பாடி ஆண்டு வாடகைக்கு விடப்பட்டது. டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது.

தரங்கம்பாடிக் கோட்டையின் தொடக்க காலத்தை அறிய நான் மிகவும் நம்புவது யோன் ஓலாஃப்சன் என்ற ஐஸ்லாந்துக்காரரின் நினைவுக் குறிப்புகளை. 1623–24 இல் கோட்டையில் படைவீரராக இருந்தவர். வெடி விபத்தில் கைகளில் கடுங்காயமடைந்து ஊர் திரும்பி, முதுமையில், 1661 இல், தம் வாழ்க்கையை எழுதினார். அவர் யாரிடமும் பதவி கேட்கவில்லை, யாருக்கும் கடன் பட்டு எழுதவில்லை. எதையும் வேண்டாதவர் எழுதியது என்பதே அந்த நூலுக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பு. கோட்டையை நடத்திய டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடன்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின. 1650 இல் அது கலைக்கப்பட்டது. 1655 முதல் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்பவர் மட்டுமே கோட்டையில் எஞ்சிய ஒரே டேனியராக இருந்து, உள்ளூர் ஆட்களைக் கொண்டு ஊரைக் காத்தார். 1669 இல்தான் தாய்நாட்டிலிருந்து அடுத்த கப்பல் வந்தது.

கொங்ஸ்பாக்கேயின் காலத்து வரவு செலவுகளைத் தொடர்ந்து செல்வதே இப்போது என் வேலை. தரங்கம்பாடி, பொறையாறு, திருக்கடையூர் வட்டாரங்களில் டேனியர் காலத்து ஓலையோ தாளோ குடும்பத்தில் வைத்திருப்பவர்கள் இருந்தால், அதன் படத்தை எனக்குக் காட்ட வேண்டுகிறேன். படம் எடுக்கும்போது முன்பக்கத்தோடு நிறுத்திவிட வேண்டாம். நான்கு ஓரங்களும் தெரியும்படி எடுத்து, பின்பக்கத்தையும் தவறாமல் எடுத்து அனுப்புங்கள். கடன் தீர்ந்ததா, யார் பேருக்கு மாற்றி எழுதப்பட்டது, எந்தத் தேதியில் யார் வரவு வைத்தார்கள் என்ற குறிப்புகள் எல்லாம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.